நோவாவின் சாபத்தைக் காட்டி எழுந்த திருமண ஆட்சேபம்: சுங்கை சிப்புட் வட்டாரச் சபை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில், திருமண அறிவிப்பான ஓலை முதன்முறை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமையே ஆட்சேபம் வந்தது. பெண், தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த பாலர்பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளை, அதே வட்டாரத்தின் லாசா என்ற சிற்றூருக்கு அப்பால் உள்காட்டில் இருக்கும் தெமியார் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். ஓராங் அஸ்லி என்று இந்நாடு அழைக்கும் பூர்வகுடி மக்களில் தெமியார் ஒரு பிரிவினர். அவர் ஞானஸ்நானம் பெற்றவர்; பட்டணத்து இரும்புக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். ஆட்சேபித்தவர் சபையின் மூத்த மூப்பர். சட்டத்தடை எதையும் அவர் காட்டவில்லை. மூன்று வேதவசனங்களை எழுதி, கையெழுத்திட்டுப் போதகரிடம் கொடுத்தார்.

அந்தச் சபையில் வேதபாட வகுப்பு நடத்துவது என் பொறுப்பு. மூப்பரின் தாளுக்குப் பதில் தயாரிக்கும் வேலை அதனால் என்னிடம் வந்தது. மற்றச் சபைகளிலும் இதே வசனங்கள் இதே நோக்கத்தோடு எடுக்கப்படுகின்றன என்று கேள்விப்படுகிறேன். ஆகையால் நடந்ததை முழுமையாகப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு சில அடையாளங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

ஊரும் அதன் மனிதர்களும்

சுங்கை சிப்புட் ரப்பரால் வளர்ந்த ஊர். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் இழந்து நின்ற தொழிலாளர்களுக்காக 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இங்கே எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்த கதை. இன்று பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியாகி, சனங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள்.

கிழக்கே மலைக்காடு. அங்கிருந்து தெமியார் மக்கள் மோட்டார் சைக்கிள்களிலும் நான்கு சக்கர வண்டிகளிலும் பட்டணத்துக்கு இறங்கி வருகிறார்கள். பெத்தாய்க் காய்க் கட்டுகளை விற்றுவிட்டு, நம் கடைகளில் அரிசியும் உப்பும் கருவாடும் வாங்கிப் போகிறார்கள். நம் ஆட்களில் பலர் அவர்களிடம் பேசும் தொனியை நான் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். வயதில் மூத்தவரையும் ஒருமையில் அழைப்பது, கடையில் கடைசியாகக் கவனிப்பது, சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் போடுவது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொனி நமக்குப் புதிதில்லை. நம் முன்னோர் மீதே பிரயோகிக்கப்பட்டது. தோட்டத்தில் வேலை இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. துரை வெள்ளைக்காரர். கணக்கு எழுதும் கிராணி பெரும்பாலும் மலையாளி அல்லது யாழ்ப்பாணத் தமிழர். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் விடியுமுன் வரிசையில் நின்றவர்கள் தென்னிந்தியக் கூலிகள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அப்படிப்பட்ட நாம் இன்னொருவரை இறங்கச் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மூப்பரின் நோட்டுப் புத்தகம்

மூப்பர் நல்லவர். சபையில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தால் முதலில் போய் நிற்பவர். அவரைத் தீயவராகக் காட்டினால் இந்த நிகழ்வின் முக்கியமான பாடமே தவறிப்போகும்.

அவர் வீட்டுக்குப் போனபோது பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் நடந்த வேதப் பயிற்சி முகாமில் எடுத்த குறிப்புகள். நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. ஒரு பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, நோவாவின் மூன்று மகன்களுக்கு மூன்று பத்திகள் பிரித்திருந்தார். சேம் என்ற தலைப்பின் கீழ் ‘ஆசியா, பக்தி’. யாப்பேத் என்பதன் கீழ் ‘ஐரோப்பா, ஆட்சி, விஞ்ஞானம்’. காம் என்பதன் கீழ் ‘கறுப்பர், காட்டுவாசிகள், அடிமைத்தனம்’. அடியில் ஆதியாகமம் 9:25 என்று எழுதி இரண்டு முறை கோடிட்டிருந்தார்.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் இதை எங்கோ படித்திருக்கிறோம் என்று பட்டது. 1909இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு வேதாகமத்தில் இதே பங்கீடு இருக்கிறது. காமிடமிருந்து தாழ்ந்த, அடிமைத் தன்மையுள்ள சந்ததி வரும் என்று தீர்க்கதரிசனமாகச் சொல்லப்பட்டதாக அந்தக் குறிப்பு கூறுகிறது. அரசாட்சி, அறிவியல், கலை ஆகியவை பொதுவாக யாப்பேத்தின் வம்சத்தவருக்கு உரியவை என்கிறது. குறிப்பு எழுதிய ஸ்கோஃபீல்டு, இளமையில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையில் இருந்தவர். வசனத்துக்கு அடியில் சிறிய எழுத்தில் அச்சான குறிப்பு, வாசிப்பவரின் மனத்தில் வசனமாகவே பதிந்துவிடும். முகாமில் கற்பித்தவரும், கேட்டு எழுதிய நம் மூப்பரும் அதை வேதத்தின் வார்த்தை என்றே நம்பியிருக்கிறார்கள்.

வேதம் என்ன சொல்கிறது

ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தை நம் சபையில் பலமுறை கேட்டிருக்கிறோம். வெள்ளமும் வானவில்லும் வரைதான் வாசிப்போம். அதன் பிறகு வருவது இது. நோவா திராட்சத்தோட்டம் போடுகிறார், ரசத்தைக் குடித்து வெறிகொள்கிறார், கூடாரத்தில் வஸ்திரம் விலகிக் கிடக்கிறார். மூன்று மகன்களில் ஒருவனான காம் அதைப் பார்த்து வெளியே இருந்த சகோதரர்களிடம் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து போய், தகப்பனின் நிர்வாணத்தைக் காணாமல் மூடுகிறார்கள். நோவா வெறி தெளிந்து விழித்து, ‘கானான் சபிக்கப்பட்டவன், தன் சகோதரரிடத்தில் அடிமைகளுக்கு அடிமையாயிருப்பான்’ என்கிறார்.

கானான்! குற்றம் செய்தவன் காம். சாபம் விழுந்தது காமின் மகன் மீது. மூப்பரின் நோட்டில் கானான் என்ற பெயரே இல்லை. அடுத்த அதிகாரம் காமின் பிள்ளைகள் நால்வரைச் சொல்கிறது: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். கூஷ் எகிப்துக்குத் தெற்கே உள்ள தேசம், மிஸ்ராயீம் எகிப்து, பூத் லிபியாப் பக்கம். ஆப்பிரிக்காவோடு தொடர்புபடுத்தப்படும் இந்த மூவருக்கும் சாபமே இல்லை. சபிக்கப்பட்ட கானானின் எல்லை சீதோன் முதல் காசா வரை. மலாயாவின் மலைக்காட்டுக்கும் இந்த அட்டவணைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தோலின் நிறம்? அந்தப் பகுதி முழுவதிலும் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீங்களே எடுத்துத் தேடிப் பாருங்கள்.

காமின் சந்ததி அடிமையாக இருந்ததா என்றால் வேதமே எதிராகச் சாட்சி சொல்கிறது. கூஷின் மகன் நிம்ரோத் பூமியிலே பராக்கிரமசாலி. பாபேல் அவன் ராஜ்யத்தின் ஆரம்பம். எகிப்தை 105ஆம் சங்கீதம் ‘காமின் தேசம்’ என்றே அழைக்கிறது. அந்தத் தேசத்தில் செங்கல் சுமந்து அடிமையாகக் கிடந்தவர்கள் யார்? சேமின் வம்சமான இஸ்ரவேலர். யாத்திராகமத்தைக் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் இந்தச் சாப விளக்கத்தை எப்படி நம்பினார்கள் என்பதே எனக்கு விளங்கவில்லை.

இன்னும் ஒன்று. மோசே கூஷ் தேசத்துப் பெண்ணை மணந்தபோது அவர் அக்காள் மிரியாம் அதைக் குறைசொன்னாள். எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தில் கர்த்தரின் கோபம் விழுந்தது குறைசொன்னவள் மீது. அவள் தோல்தான் குஷ்டத்தால் வெளுத்துப்போனது. கலப்புத் திருமணத்தைத் தடுக்க வசனம் தேடுகிறவர்கள் இந்த அதிகாரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

யாருக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டது

வேதத்தில் இல்லாத ஒன்று வேதத்தின் பெயரால் இத்தனை நூற்றாண்டு நின்றதென்றால், அது யாருக்கோ பயன்பட்டிருக்க வேண்டும். 1444இல் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த 235 பேர் கரையிறக்கப்பட்டுப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். அரச வரலாற்றெழுத்தாளர் சுராரா 1453இல் முடித்த நூலில், வெள்ளத்துக்குப் பின் நோவா இட்ட சாபத்தை இந்த அடிமைத்தனத்துக்கு ஆதாரமாகக் காட்டினார். காமுக்குப் பதிலாக, ஆபேலைக் கொன்ற காயீனின் பெயர் அவர் எழுத்தில் விழுந்துவிட்டது. எந்தப் பெயர் என்பதே சரியாகத் தெரியாமல் ஒரு கண்டத்து மனிதர்களை விற்க அந்த வசனம் போதுமானதாக இருந்திருக்கிறது. ஆட்கள் முதலில் பிடிக்கப்பட்டார்கள். வசனம் பிறகுதான் வந்தது.

நான்கு நூற்றாண்டுகள் கழித்தும் அது ஓயவில்லை. 1861 மார்ச் 21 அன்று, அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென்மாநிலங்களின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானா நகரில் பேசினார். கறுப்பின மனிதன் இயற்கையாலோ கானான் மீதான சாபத்தாலோ தன் நிலைக்குப் பொருத்தமானவனாக இருக்கிறான் என்றார். பருத்திக்கும் கரும்புக்கும் கூலியில்லாத கை வேண்டும். அந்த வியாபாரத்துக்கு ஒரு வேத ஆதாரம் வேண்டும். இத்தனைக்கும் அடிமையாகப் பிறந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845லேயே தன் வரலாற்றில் இதற்குப் பதில் எழுதிவிட்டார். காமின் சந்ததி மட்டுமே அடிமையாக வேண்டும் என்றால், எசமானர்களான வெள்ளைத் தகப்பன்மாருக்கு அடிமைப் பெண்களிடம் பிறந்து அடிமைகளாகவே வளரும் ஆயிரக்கணக்கானோரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர் கேட்டார். அவர் தகப்பனும் வெள்ளைக்காரர் என்றே சொல்லப்பட்டது.

வசனத்தைத் திரித்தது போதாமல் வெட்டியவர்களும் உண்டு. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சானது. மொத்தமுள்ள 1,189 அதிகாரங்களில் அதில் இருந்தவை 232 மட்டுமே. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான வரலாறு இல்லை. ‘அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை’ என்ற கலாத்தியர் 3:28 இல்லை. வேலைக்காரர் எசமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் 6:5 இருந்தது. கரும்புத் தோட்டத்துத் துரைமார் எந்தப் பக்கத்துக்குப் பயந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

நம்மைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். மூப்பரின் நோட்டில் தமிழன் ‘ஆசியா, பக்தி’ என்ற சேமின் பத்தியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறான். ஆனால் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ் 1792இல் ஆற்றிய உரையில், நோவாவின் மூன்று மகன்களுக்கு உலக இனங்களைப் பிரித்தபோது இந்துக்களைக் காமின் வம்சத்தில்தான் சேர்த்தார். அவர் அதை இழிவாகச் சொல்லவில்லை. எகிப்தியரும் கிரேக்கரும் அதே பத்தியில் இருந்தார்கள். ஆக, பத்தி பிரிக்கிறவன் கையில் நாம் எங்கே வேண்டுமானாலும் விழலாம். இதை மூப்பரிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அப்படியானால் நாமும் அந்தப் பக்கமா, ஆசிரியரே?’ என்றார். கோபம் இல்லாமல், உண்மையாகவே கேட்டார்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைத்துவிட வேண்டாம். காமின் சாபக் கதை அரபு உலகிலும் பரவியிருந்தது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் அதை மறுத்து எழுதினார். தோராவில் சாபம் இருக்கிறது, கறுப்பு நிறம் இல்லை. நிறத்துக்குக் காரணம் வெப்பமும் தட்பவெப்பமும் என்றார். திம்புக்துவின் அறிஞர் அகமது பாபா 1615இல் இதே கதையை நிராகரித்தார். இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிற குர்ஆன் வசனத்தை, பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் நண்பர் ஒருவர் இந்த விவகாரத்தைக் கேட்டவுடன் மனப்பாடமாகச் சொன்னார். நம் தாய்நாட்டுப் பக்கம் சாதிக்குச் சாஸ்திரம் காட்டியதும், அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதியை எரித்ததும் வாசகர்கள் அறிந்ததே.

தமிழ்ச் சபைகளின் கணக்கும் சுத்தமில்லை. ஆராதனையில் சாதிவாரியாக உட்காருவதும் பந்தியில் பிரிவதும் உடனே நிற்க வேண்டும் என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், வரிசையை விட மாட்டோம் என்று நின்றவர்கள் நம்மவர்கள். கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது அந்த மனத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோம்.

இரண்டாம், மூன்றாம் வசனங்கள்

மூப்பரின் தாளில் இரண்டாவதாக இருந்தது அப்போஸ்தலர் 17:26. அதையும் அவர் பாதியிலிருந்து எழுதியிருந்தார்: ‘அவர்கள் குடியிருப்பின் எல்லைகளையும் குறித்திருக்கிறார்.’ தேவன் எல்லை வைத்திருக்கிறார், காட்டு மக்கள் காட்டிலும் நாம் பட்டணத்திலும் இருக்க வேண்டும், கலக்கக் கூடாது என்பது அவர் வாதம். அந்த வசனத்தின் தொடக்கம், ‘மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி’.

இந்தப் பாதி வாசிப்புக்கும் பெரிய வரலாறு உண்டு. தென்னாப்பிரிக்காவின் டச்சுச் சீர்திருத்தச் சபை, பாபேல் கோபுரத்தையும் உபாகமம் 32:8ஐயும் இதே அப்போஸ்தலர் வசனத்தையும் வைத்து இனங்கள் தனித்தனியே வளர்வதை நியாயப்படுத்தும் அறிக்கையை 1974இல் ஏற்றது. அதற்கு வெகுமுன்பே, 1857இல், வெள்ளையரில் ‘சிலருடைய பலவீனத்தின் காரணமாக’ கறுப்பு விசுவாசிகளுக்குத் தனி ஆராதனை வைக்கலாம் என்று அதன் பேரவை அனுமதித்திருந்தது. சிலரின் பலவீனத்துக்குக் கொடுத்த சலுகை நூறு ஆண்டில் ஒரு நாட்டின் சட்டமாகி நின்றது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, இன ஒதுக்கலை வேதத்தின் பெயரால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்தது. பாவம் என்றோ பிழை என்றோ சொல்லி நிறுத்தாமல், விசுவாசத்துக்கே விரோதம் என்றது. சபைகள் இந்தக் கடுமையோடு பேசிய தருணங்கள் அதிகம் இல்லை.

எல்லை வாதம் திருமணத்தில் வந்து நின்ற வழக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வெள்ளைக்காரரான ரிச்சர்டு லவிங்கும் கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெடும் மணந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 1965இல் நீதிபதி லியோன் பசில் அந்தத் தண்டனையை நிலைநிறுத்தி எழுதிய தீர்ப்பில், எல்லாம் வல்ல தேவன் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார். பிரித்து வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்கு அடையாளம் என்றார். மனிதரை ஐந்து இனமாகப் பிரித்து அதில் ஒன்றுக்கு மலாய் என்று பெயர் வைத்தவர் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் புளூமென்பாக். அந்த மேசைப் பட்டியல் ஒரு நீதிபதியின் பேனாவில் தேவ சித்தமாகிவிட்டது. 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த நீதிபதியின் வரிகளைப் படித்தபோது எனக்கு உடம்பு எரிந்தது. மூப்பரின் தாளும் அந்தத் தீர்ப்பும் ஒரே வாக்கியத்தைப் பேசின.

மூன்றாவது வசனம் ‘அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக’. மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவர் என்பதால் இது பொருந்தவே பொருந்தாது. ‘அவர்கள் விசுவாசம் நம் விசுவாசம் மாதிரி ஆழமானது இல்லை’ என்று மூப்பர் சமாளித்தார். அந்த ஆழத்தை எப்படி அளந்தார் என்று போதகர் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கூட்டத்தில் பாட்டி

சபை மண்டபத்தில் அமர்வு கூடியபோது பெண்ணின் பாட்டியும் வந்திருந்தார். தாயோடு சிறுமியாகப் பால் வெட்டப் போனவர். மரத்தில் கட்டிய மங்குகளில் சேர்ந்த ரப்பர்ப் பாலை வாளியில் ஊற்றி, இரண்டு வாளிகளைத் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் மாட்டித் தூக்கியதில் ஒரு தோள் இறங்கியே இருக்கும். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்; ஆனால் கேட்ட வசனத்தை மறக்க மாட்டார்.

போதகர் ஆதியாகமப் பகுதியை உரக்க வாசிக்கச் சொன்னார். ஓர் இளைஞன் 18ஆம் வசனத்திலிருந்து வாசித்தான். முடிந்ததும் பாட்டி கையை உயர்த்தினார்.

‘ஐயா, நோவா குடித்துவிட்டுக் கிடந்தார் என்றுதானே இருக்கிறது?’

‘ஆமாம் பாட்டி.’

‘எழுந்ததும் சாபம் போட்டார். கர்த்தர் போட்டார் என்று இருக்கிறதா?’

‘இல்லை. கர்த்தர் இதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் நோவாவையும் அவர் குமாரரையும் ஆசீர்வதித்தார் என்று இருக்கிறது. காமும் அதில் உண்டு.’

பாட்டி மூப்பரின் பக்கம் திரும்பினார். ‘தம்பி, கள்ளுக்கடையிலிருந்து வந்த ஆம்பிள்ளை பிள்ளைகளைத் திட்டிய திட்டை நான் லயத்தில் இருந்த காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். உன் தகப்பனும் திட்டியிருக்கிறார். அதையெல்லாம் தேவவாக்கு என்று எடுத்திருந்தால் நீ மூப்பராக ஆகியிருப்பாயா?’

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. தோட்டங்களில் கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் எத்தனை வீடுகளைத் தின்றன என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வேதப்பண்டிதர்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்த அம்மையார் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொன்னார்: வேதத்தில் பதிவாகியிருக்கிற எல்லா வாக்கும் கர்த்தரின் கட்டளை ஆகாது.

அதன்பின் அவர் கேட்டுக்கொண்டதால் உன்னதப்பாட்டின் முதல் அதிகாரம் வாசிக்கப்பட்டது. ‘நான் கறுப்பாயிருக்கிறேன் என்று பாராதேயுங்கள், வெய்யில் என்மேற்பட்டது’ என்று அந்தப் பெண் சொல்கிறாள். காரணமும் சொல்கிறாள்: தாயின் பிள்ளைகள் கோபமாயிருந்து தன்னைத் திராட்சத்தோட்டங்களுக்குக் காவற்காரியாக வைத்தார்கள், தன் சொந்தத் தோட்டத்தை அவள் காக்கவில்லை. சாபத்தால் கறுத்தவள் இல்லை. பிறருடைய தோட்டத்தில் வேலை செய்து கறுத்தவள். அந்த மண்டபத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

மாப்பிள்ளை கடைசி வரிசையில் தன் தாயோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மகன் மலாயில் சொல்லாமல் தெமியாரிலேயே மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். பேச அழைத்தபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: 19ஆம் நூற்றாண்டில் காட்டிலிருந்து பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் அடிமைகளாக விற்ற கதையைத் தங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வதாகவும், அடிமை என்ற சொல்லை அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தமக்கு வாய் வரவில்லை என்றும். பேராக்கில் அப்படிப்பட்ட வேட்டைகள் நடந்தது பதிவான வரலாறு. மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆய்வில் தெரிந்தது

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமான தகவல் கூட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டும் பெண்ணின் தகப்பனார் என்னிடம் தனியே வந்தார். மகளின் விருப்பம் தெரிந்த இரவே மூப்பரின் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். ‘இதைத் தடுக்க ஏதாவது வசனம் இருக்கிறதா என்று கேட்டேன், ஆசிரியரே. அவர் நோட்டைத் திறந்தார்’ என்றார்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். வெறுப்பு முதலில் இருந்தது. ‘ஊர் என்ன சொல்லும், சொந்தக்காரர்கள் பந்தியில் உட்காருவார்களா’ என்ற பயம் இருந்தது. அதற்குப் பிறகுதான் வசனம் தேடப்பட்டது. லாகோஸிலும் சவானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்ததும் இதுதான். ஆகையால் சரியான விளக்கத்தை எடுத்துச் சொன்னால் மட்டும் இந்தத் தப்பெண்ணம் போய்விடும் என்று நான் நம்பவில்லை. காம் கையிலிருந்து நழுவினால் பாபேலைப் பிடிப்பார்கள். பாபேல் போனால் நுகத்தைப் பிடிப்பார்கள். நம் மூப்பரின் தாளில் மூன்று வசனங்கள் இருந்ததே அதற்குச் சாட்சி. ஒருவர் வசனத்தோடு வரும்போது, ‘இதை எப்போது தேட ஆரம்பித்தீர்கள், எதற்காகத் தேடினீர்கள்’ என்று அன்போடும் உறுதியோடும் கேட்கிற வழக்கம் சபைகளில் வர வேண்டும். தகப்பனார் என்னிடம் அந்தக் கேள்விக்குத் தானாகவே பதில் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

விளக்கம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச அட்டவணையை அவரோடு உட்கார்ந்து வாசித்தேன். எரிகோவின் ராகாப் கானானியப் பெண்; சாபம் விழுந்ததாகச் சொல்லப்படும் அதே கானான். மோவாபியரைப் பத்தாம் தலைமுறைவரை சபையில் சேர்க்காதே என்று உபாகமம் 23:3 சொல்லியும், மோவாபியப் பெண்ணான ரூத் தாவீதின் பாட்டனாரைப் பெற்றாள். இருவரும் இயேசுவின் முன்னோர். ‘அப்படியா’ என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய் அந்த அட்டவணையை மறுபடி வாசித்ததாக அவர் மனைவி பிறகு சொன்னார்.

முடிவு

ஆட்சேபத்துக்குச் சபைச் சட்டத்திலோ நாட்டுச் சட்டத்திலோ இடமில்லை என்று அமர்வு தீர்மானித்தது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் வயது, நெருங்கிய உறவு, ஏற்கெனவே உள்ள திருமணம் ஆகியவற்றைத் தடையாகச் சொல்கிறது, இனத்தைச் சொல்லவில்லை. பூர்வகுடியினர் தங்கள் வழக்கப்படி மணக்காமல் இந்தச் சட்டத்தின் கீழும் பதிவு செய்துகொள்ளலாம். மாப்பிள்ளை அதையே தேர்ந்தார். இரண்டாம், மூன்றாம் ஓலைகள் தடையின்றி வாசிக்கப்பட்டன.

திருமண நாளில் பெண்ணின் தகப்பனார் அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவருடைய சொந்தக்காரர்களில் சிலர் வரவில்லை. வந்த சிலர் சாப்பிடாமல் போனார்கள். தெமியார் கிராமத்திலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து, பந்தியில் பாட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

ஞாயிறு பள்ளியிலும் வேதபாட வகுப்பிலும் ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தை நடத்துகிறவர்கள் 18 முதல் 29 வரை முழுமையாக வாசித்துவிட்டே விளக்கம் சொல்ல வேண்டும், வெளிப் பயிற்சி முகாம்களின் குறிப்புகளைப் போதகரிடம் காட்டாமல் கற்பிக்கக் கூடாது என்று சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மூப்பர் அதில் கையெழுத்திட்டார். திருமணத்துக்கு வரவில்லை.